எறிபொருள் இயக்கம்: ஒரு கடிகாரம், இரண்டு கணக்கு

ஒரு மேசை, ஒரு ஸ்கேல், இரண்டு ஒரு ரூபாய் நாணயம். முதலில் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்துக்கு அப்புறம் வரலாம்.

ஸ்கேலை மேசை ஓரத்தில் சாய்வாக வையுங்கள். ஒரு முனை ஐந்தாறு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த முனையின் மேல் ஒரு நாணயம். இன்னொரு நாணயத்தை மேசைமேலேயே, ஸ்கேலின் மறுபாதிக்கும் மேசை விளிம்புக்கும் இடையில் வையுங்கள். ஸ்கேலின் நடுவை ஒரு விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிய முனையை மேசைப் பக்கமாகச் சட்டென்று தட்டுங்கள். ஸ்கேல் சுழலும். நீட்டிய முனையில் இருந்த நாணயத்தின் அடியிலிருந்து ஸ்கேல் உருவிக்கொண்டு போய்விடும்; அது கிட்டத்தட்ட நேராகக் கீழே விழும். மேசைமேல் இருந்ததை ஸ்கேல் வெளியே தள்ளிவிடும். அது தள்ளிப்போய் விழும்.

இப்போது அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். இரண்டு 'டிங்' கேட்காது, ஒன்றுதான் கேட்கும். இரண்டு மூன்று தடவை சரியாக வராது, நாணயம் கட்டிலுக்கு அடியில் ஓடும். பரவாயில்லை, வரும்வரை செய்து பாருங்கள்.

நேராக விழுந்த நாணயமும் தள்ளிப்போய் விழுந்த நாணயமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகின்றன. தூரம் போனதற்காக இரண்டாவது நாணயம் கூடுதலாக ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எறிபொருள் இயக்கம் என்ற பாடம் முழுக்க இந்த ஒரு 'டிங்'குக்குள் இருக்கிறது. 11-ஆம் வகுப்பில் இந்தப் பகுதிக்கு வரும்போது பலரும் பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் என்று மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கேள்வியில் 'மொட்டை மாடியிலிருந்து எறிந்தால்' என்று ஒரு வார்த்தை வந்தவுடன் மூன்றும் காலை வாரிவிடும். அதனால் சூத்திரத்தை நாம் கடைசியாகத்தான் எழுதப் போகிறோம்.

எதை எறிபொருள் என்கிறோம்?

ஒரு தொடக்க வேகம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு புவியீர்ப்பின் பொறுப்பில் விட்டுவிட்ட எந்தப் பொருளும் எறிபொருள்தான். கையை விட்டுப் போன கிரிக்கெட் பந்து, மாங்காய்க்கு எறிந்த கல், கிட்டிப்புள்ளில் பறக்கும் புள், தினைப்புனத்தில் கிளி விரட்டக் கவணிலிருந்து போன கல் எல்லாம் இதில் சேரும். ராக்கெட் எரிந்துகொண்டிருக்கும்போது எறிபொருள் கிடையாது, எரிபொருள் தீர்ந்த பிறகு எறிபொருள். (எரிபொருள், எறிபொருள்: விடைத்தாளில் இந்த ரகர றகரத்தில் கவனம்!)

கையை விட்ட பிறகு பந்தின் மேல் முன்னோக்கி எந்த விசையும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ளத்தான் மனசுக்குக் கஷ்டம். 'முன்னாடி போய்க்கொண்டே இருக்கிறதே, ஏதோ ஒன்று தள்ளத்தானே வேண்டும்?' என்று தோன்றும். வெட்கப்பட வேண்டாம், அரிஸ்டாட்டில் முதல் ஐரோப்பிய பீரங்கிக்காரர்கள் வரை இப்படித்தான் நினைத்தார்கள். தள்ளிய வேகம் தீர்ந்ததும் குண்டு பொத்தென்று கீழே விழும் என்பது அவர்கள் கணக்கு. 1537-ல் இத்தாலியரான டார்டாக்லியா பீரங்கிக் குண்டின் பாதையை ஒரு நேர்கோடு, ஒரு வளைவு, கடைசியில் செங்குத்தாக இன்னொரு நேர்கோடு என்றுதான் வரைந்தார். ஆனால் அதிக தூரம் போக 45 பாகையில் சுட வேண்டும் என்பதை அவர் சரியாகவே சொல்லிவிட்டார். பாதை முழுக்க ஒரே வளைவு, அது பரவளையம் என்று கலிலியோ 1638-ல் வெளியான தன் நூலில் நிறுவினார்.

நோட்டின் நடுவில் ஒரு கோடு

நோட்டை எடுத்துப் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'கிடை', வலப்பக்கம் 'செங்குத்து' என்று தலைப்பு எழுதுங்கள். எந்த எறிபொருள் கணக்காக இருந்தாலும் முதல் வேலை இதுதான்.

கிடைப் பக்கத்தில் விசை இல்லை, எனவே முடுக்கமும் இல்லை. வேகம் மாறவே மாறாது. அங்கே தேவைப்படும் ஒரே சூத்திரம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த தூரம் = வேகம் × நேரம்.

செங்குத்துப் பக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கம் இருக்கிறது. வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்/வினாடி என்ற அளவில் அது கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். நேராக மேலே எறிந்த கல்லுக்கு நீங்கள் போட்ட அதே கணக்குத்தான், புதிதாக ஒன்றும் இல்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது நேரம் மட்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோக அனுமதி உள்ள ஒரே சரக்கு அதுதான். கிடை வேகத்தைச் செங்குத்துக் கணக்கில் போட்டாலோ, 9.8-ஐக் கிடைப் பக்கம் இழுத்து வந்தாலோ கணக்கு அங்கேயே செத்துவிடும்.

இந்தப் பிரிவினையைக் கண்ணாலேயே பார்க்கலாம். சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும்போது (தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இரண்டே நாள்தான் மிகச்சரியாக அப்படி நிற்கும், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்ட்டை ஒட்டி ஒன்று) பந்தை எறிந்தால், தரையில் அதன் நிழல் ஒரே சீரான வேகத்தில் நேராக ஓடும். பந்து ஏறுவதும் இறங்குவதும் நிழலுக்குத் தெரியாது. நிழல் உங்கள் இடப்பக்கக் கணக்கு. மாறாக, பேட்ஸ்மேன் உங்களை நோக்கி நேராகத் தூக்கி அடித்த பந்தைப் பாருங்கள். அது முன்னால் வருவது சரியாகத் தெரியாது, ஏறி இறங்குவது மட்டும்தான் தெரியும். அது வலப்பக்கக் கணக்கு. கேட்சைத் தவறவிடுவது பெரும்பாலும் இடப்பக்கக் கணக்கு கண்ணுக்குப் படாததால்தான்.

முதல் கணக்கு: மேசையிலிருந்து உருளும் கோலிக்குண்டு

சுலபமான வகையில் தொடங்கலாம். மேசையில் உருண்டு வந்து விளிம்பைத் தாண்டும் கோலிக்குண்டுக்கு அந்தக் கணத்தில் கிடை வேகம் மட்டும்தான் இருக்கிறது. செங்குத்து வேகம் பூஜ்யம்.

வீட்டில் செய்யக்கூடியது. ஒரு பழைய நோட்டின் அட்டையை மடித்துச் சின்னச் சரிவு செய்து மேசைமேல் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே உயரத்திலிருந்து குண்டை விட்டால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் விளிம்பைத் தாண்டும். குண்டு விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளும் அதன்மேல் கார்பன் தாளும் வையுங்கள். விழுந்த இடத்தில் கருப்புப் புள்ளி பதியும். கார்பன் தாள் இல்லையென்றால் தட்டில் கொஞ்சம் மாவைப் பரப்பி வைத்தாலும் போதும், அம்மா பார்க்காதவரை.

என் மேசையின் உயரம் 75 செ.மீ. விளிம்புக்கு நேர் கீழே உள்ள தரைப் புள்ளியிலிருந்து கருப்புப் புள்ளி 82 செ.மீ. தூரத்தில் பதிந்தது. (விளிம்பின் நேர் கீழ்ப் புள்ளியைக் கண்டுபிடிக்க நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள். கண் மதிப்பில் குறித்தால் இரண்டு மூன்று செ.மீ. தவறும்.)

வலப்பக்கம் முதலில். விழுந்த உயரம் = ½ × 9.8 × நேரம்². 0.75 = 4.9 × நேரம்². நேரம்² = 0.153. நேரம் = 0.39 வினாடி.

இந்த நேரத்தை இடப்பக்கம் எடுத்துப் போகிறோம். வேகம் = தூரம் ÷ நேரம் = 0.82 ÷ 0.39 = வினாடிக்கு 2.1 மீட்டர்.

வேகமானி எதுவும் இல்லாமல், ஒரு டேப்பை மட்டும் வைத்துக்கொண்டு குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். கலிலியோ பதுவா நகரில் 1608 வாக்கில் இதே மாதிரிதான் செய்தார். சரிவில் குண்டை உருட்டி, மேசையைத் தாண்டி எங்கே விழுகிறது என்று அளந்து எழுதிய குறிப்புத் தாள்கள் இன்றும் இருக்கின்றன.

குண்டை இரண்டு மடங்கு வேகத்தில் உருட்டினால் என்ன ஆகும்? தூரம் இரண்டு மடங்காகும். நேரம் அதே 0.39 வினாடிதான், ஏனென்றால் வலப்பக்கத்தில் எதுவும் மாறவில்லை.

பாதை ஏன் வளைகிறது?

இனி மனக்கணக்குக்கு வசதியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். தேர்வில் 9.8 கேட்டால் 9.8 போடுங்கள்.

உயரமான பாறையிலிருந்து ஒரு கல்லைக் கிடையாக வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். ஒவ்வொரு வினாடி முடிவிலும் அது எவ்வளவு தூரம் முன்னே போயிருக்கும்? 20, 40, 60 மீட்டர். எவ்வளவு கீழே விழுந்திருக்கும்? 5, 20, 45 மீட்டர். முன்னே போவது 1, 2, 3 என்று கூடுகிறது. கீழே விழுவது 1, 4, 9 என்று வர்க்கமாகக் கூடுகிறது. கிடைத்தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் செங்குத்துத் தூரம் மாறும் வளைவுக்குத்தான் பரவளையம் என்று பெயர். புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் குறித்து இணைத்துப் பாருங்கள், புத்தகத்தில் உள்ள படத்தைவிட இது மனசில் நிற்கும்.

சாய்வாக எறிந்தால்

இங்கேதான் எல்லோரும் பயப்படும் சைனும் காஸும் வருகின்றன. அவை செய்யும் வேலை ஒன்றே ஒன்று: சாய்வான வேகத்தை நம் இரண்டு பக்கத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது.

கிடைக் கூறு = ஆரம்ப வேகம் × காஸ் (எறிகோணம்)
செங்குத்துக் கூறு = ஆரம்ப வேகம் × சைன் (எறிகோணம்)

எதற்குச் சைன், எதற்குக் காஸ் என்று குழம்பினால் கோணத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். தரையோடு தரையாக எறிந்தால் வேகம் முழுவதும் கிடைப் பக்கம்தானே போக வேண்டும்? காஸ் 0° = 1, சைன் 0° = 0. அப்போது காஸ்தான் கிடை. கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்து கொடுத்திருந்தால் இது தலைகீழாகும். கேள்வியில் 'செங்குத்துடன் 30°' என்று எழுதிப் பிடிக்கப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை.

ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், தரையோடு 30° கோணத்தில் எறிகிறோம். சைன் 30° = 0.5; காஸ் 30° = 0.866. எனவே செங்குத்துக் கூறு 10, கிடைக் கூறு 17.3 மீட்டர்/வினாடி.

இப்போது 30°, சைன், காஸ் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். வலப்பக்கத்தில் இருப்பது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிந்த ஒரு பந்து, அவ்வளவுதான். புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியும் 10-ஐக் குறைக்கும். ஒரு வினாடியில் செங்குத்து வேகம் பூஜ்யம், பந்து உச்சியில். இறங்க இன்னொரு வினாடி. மொத்தம் 2 வினாடி. ஏறும்போது வேகம் 10-லிருந்து 0-க்கு வந்தது, சராசரி 5. ஒரு வினாடிக்கு 5 மீட்டர். பெரும உயரம் 5 மீட்டர்.

2 வினாடியை இடப்பக்கம் கொண்டுபோங்கள். 17.3 × 2 = 34.6 மீட்டர். இதுதான் கிடைத்தள நெடுக்கம், எளிமையாகச் சொன்னால் வீச்சு. சூத்திரமே போடாமல் மூன்று விடையும் வந்துவிட்டன. 9.8 போட்டுச் செய்தால் 2.04 வினாடி, 5.1 மீட்டர், 35.3 மீட்டர் என்று வரும்.

உச்சியில் பந்தின் வேகம் என்ன? 'பூஜ்யம்' என்று எழுதுவதுதான் இந்தப் பாடத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு. செங்குத்து வேகம் மட்டும்தான் பூஜ்யம். கிடை வேகம் 17.3 அப்படியே இருக்கிறது. உச்சியில் பந்து நின்றுவிட்டால் அங்கிருந்து நேராகக் கீழே அல்லவா விழும்! இன்னொரு தவறு, உச்சியில் முடுக்கமும் பூஜ்யம் என்பது. பூமி ஒரு கணம்கூட இழுப்பதை நிறுத்துவதில்லை. ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் அதே 9.8, அதே கீழ்த்திசை.

இப்போது சூத்திரம்

மேலே செய்ததையே எண்களுக்குப் பதில் பெயர்களை வைத்து எழுதுகிறோம்.

உச்சிக்குப் போகும் நேரம், செங்குத்துக் கூறை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். அதன் இரு மடங்கு பறக்கும் நேரம்:

பறக்கும் நேரம் = 2 × ஆரம்ப வேகம் × சைன் (கோணம்) ÷ ஈர்ப்பு முடுக்கம்

சராசரிச் செங்குத்து வேகத்தை ஏறும் நேரத்தால் பெருக்கினால்:

பெரும உயரம் = ஆரம்ப வேகம்² × சைன்² (கோணம்) ÷ (2 × ஈர்ப்பு முடுக்கம்)

கிடைக் கூறைப் பறக்கும் நேரத்தால் பெருக்கினால் 2 × சைன் × காஸ் என்று ஒன்று வரும். முக்கோணவியலில் அதற்கு சைன் (2 × கோணம்) என்று பெயர்:

வீச்சு = ஆரம்ப வேகம்² × சைன் (2 × கோணம்) ÷ ஈர்ப்பு முடுக்கம்

மூன்றிலும் நிறை எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் கிளம்பினால் இரும்புக் குண்டும் கிரிக்கெட் பந்தும் காற்று இல்லாத இடத்தில் ஒரே பாதையில்தான் போகும். கனமான பொருளுக்கு அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

இந்தச் சூத்திரங்கள் கிளம்பிய மட்டமும் விழுந்த மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே செல்லும். இந்த ஒரு வரியை நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.

45 பாகையின் ரகசியம்

வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

15° : வீச்சு 20 மீட்டர், நேரம் 1.04 வினாடி
30° : வீச்சு 34.6 மீட்டர், நேரம் 2 வினாடி
45° : வீச்சு 40 மீட்டர், நேரம் 2.83 வினாடி
60° : வீச்சு 34.6 மீட்டர், நேரம் 3.46 வினாடி
75° : வீச்சு 20 மீட்டர், நேரம் 3.86 வினாடி

தூரம் போக வேண்டுமென்றால் இரண்டு விஷயம் தேவை: அதிக நேரம் காற்றில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் வேகமாக முன்னே போகவும் வேண்டும். கோணத்தைக் கூட்டினால் முதலாவது கூடும், இரண்டாவது குறையும். இரண்டுக்கும் சமமாகப் பங்கு போட்டால்தான் பெருக்கல் அதிகமாக வரும். அந்தச் சமப் பங்கு 45°. சூத்திரத்தின் வழியில் பார்த்தால், சைனின் அதிகபட்ச மதிப்பு 1, அது 90 பாகையில் வரும், 2 × கோணம் = 90° என்றால் கோணம் 45°.

கூட்டினால் 90 வரும் இரண்டு கோணங்களுக்கு ஒரே வீச்சு: 30-60, 15-75. ஆனால் நேரத்தைப் பாருங்கள். 30 பாகையில் எறிந்த பந்து 2 வினாடியில் வந்துவிடுகிறது, 60-ல் எறிந்தது மூன்றரை வினாடி எடுக்கிறது. அதற்குள் பேட்ஸ்மேன் இன்னொரு ரன்னுக்குக் கிளம்பிவிடுவார். நல்ல ஃபீல்டர் பந்தைத் தட்டையாக எறிவது இதனால்தான்.

45 பாகையில் இன்னொரு சின்ன வசதி. பெரும உயரம் வீச்சில் சரியாகக் கால் பங்கு. வீச்சு 40 என்றால் உயரம் 10. ஒரு மதிப்பெண் கேள்விகளில் அடிக்கடி தலைகாட்டும்.

மொட்டை மாடிக் கணக்கு

நன்றாகப் படிக்கும் மாணவர்களும் சறுக்கும் இடம் இது. 15 மீட்டர் உயரமான மொட்டை மாடியிலிருந்து, அதே 20 மீட்டர்/வினாடி, அதே 30°. தரையில் எங்கே விழும்? என்னிடம் படித்த பையன் ஒருவன் கேள்வியை முடிப்பதற்குள் '34.6 சார்' என்றான். அப்படியானால் பந்து மாடி மட்டத்திலேயே அந்தரத்தில் நிற்கும் என்று அர்த்தம்!

நோட்டின் நடுக்கோட்டுக்குத் திரும்புவோம். மேல்திசையைக் கூட்டல் என்றும் கீழ்த்திசையைக் கழித்தல் என்றும் முதலிலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள். வலப்பக்கம்: ஆரம்பச் செங்குத்து வேகம் +10, முடுக்கம் −10, இடப்பெயர்ச்சி −15 (தரை, கிளம்பிய இடத்துக்குக் கீழே இருப்பதால்).

−15 = 10 × நேரம் − 5 × நேரம்²

ஐந்தால் வகுத்து மாற்றி எழுதினால்: நேரம்² − 2 × நேரம் − 3 = 0. காரணிப்படுத்தினால் நேரம் = 3 அல்லது −1. நமக்கு வேண்டியது 3 வினாடி. இடப்பக்கம்: 17.3 × 3 = சுமார் 52 மீட்டர்.

சரி, அந்த −1 என்ன? எல்லோரும் 'நேரம் எதிர்மறையாக இருக்காது' என்று அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதை அப்படித் தூக்கிப்போட மனம் வராது. பந்தின் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். மாடியிலிருந்து எறியாமல், யாரோ ஒருவர் ஒரு வினாடிக்கு முன்பே தரையிலிருந்து எறிந்து, அது இந்தக் கணத்தில் மாடியைக் கடந்து போவதாக வைத்துக்கொண்டாலும் இதே பாதைதான் கிடைக்கும். அந்தக் கற்பனை எறிதலின் நேரத்தைத்தான் −1 சொல்கிறது.

தரையைத் தொடும் வேகமும் வேண்டுமா? செங்குத்து வேகம் 10 − 30 = −20. கிடை 17.3. இரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் பித்தாகரஸ்: 400 + 300 = 700, அதன் வர்க்கமூலம் 26.5 மீட்டர்/வினாடி. ஆற்றல் வழியில் சரிபார்க்கலாம்: 20² + 2 × 10 × 15 = 700. பொருந்துகிறது. இப்படி இரண்டு வழியில் போட்டு ஒத்துப்பார்ப்பதற்குத் தேர்வில் இரண்டு நிமிடம் ஒதுக்குவது வீண் அல்ல.

போனில் விடையைச் சரிபார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைன் 30 போட்டால் 0.5-க்குப் பதில் −0.988 என்று வந்தால், கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியனில் இருக்கிறது.

எறிந்த கல் எதிலிருந்து விழுகிறது?

இதே இயக்கத்தை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். புவியீர்ப்பே இல்லையென்றால் எறிந்த கல் எறிந்த திசையில் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். புவியீர்ப்பு இருப்பதால், ஒவ்வொரு கணத்திலும் அந்த நேர்கோட்டிலிருந்து ½ × ஈர்ப்பு முடுக்கம் × நேரம்² அளவு கீழே இருக்கிறது. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதும் கல் அந்தக் கோட்டிலிருந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

மரத்தில் தொங்கும் மாங்காயை நேராகக் குறிபார்த்துக் கல்லை எறிகிறீர்கள். கல் கையை விட்ட அதே நொடியில் மாங்காய் காம்பு அறுந்து தானாக விழத் தொடங்குகிறது. கல் படுமா? படும். கல் தன் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விழுகிறதோ, மாங்காயும் தன் இடத்திலிருந்து அவ்வளவே விழுந்திருக்கும். கல்லின் வேகம் எதுவானாலும் சரி, மாங்காய் தரையைத் தொடும் முன் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். மாங்காய் விழாமல் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் நேராகக் குறிபார்த்த கல் தவறும். அனுபவசாலிகள் கொஞ்சம் மேலே குறிவைப்பதன் கணக்கு இதுதான்.

இதை நியூட்டன் எங்கே கொண்டுபோனார் தெரியுமா? உயர்ந்த மலையுச்சியிலிருந்து கிடையாகப் பீரங்கி சுடுவதைக் கற்பனை செய்தார். குண்டு முதல் வினாடியில் சுமார் 5 மீட்டர் விழும். பூமியும் உருண்டை, 8 கிலோமீட்டர் போவதற்குள் தரையும் சுமார் 5 மீட்டர் வளைந்து கீழே போய்விடுகிறது. குண்டை வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சுட்டால்? அது விழ விழத் தரையும் விலகிக்கொண்டே போகும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று இப்படித்தான் 'விழுந்துகொண்டே' இருக்கிறது.

காற்று குறுக்கே வந்தால்

இவ்வளவு நேரம் காற்று இல்லை என்று பாவனை செய்தோம். உலோகக் குண்டு, கோலிக்குண்டு மாதிரி கனமான, மெதுவாகப் போகும் பொருள்களுக்கு அது பெரிய பொய் இல்லை. பேட்மிண்டன் இறகுப்பந்துக்குப் பெரிய பொய். அது சாய்வாக ஏறி, வேகம் இழந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். டார்டாக்லியா வரைந்த படம் இதற்குத்தான் கொஞ்சம் பொருந்துகிறது, பாவம்.

குண்டு எறிதல் வீரர்கள் 45 பாகையில் எறிவதில்லை, ஏன்? ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, காற்று அதை அதிகம் தொந்தரவு செய்யாது. ஒரு காரணம், குண்டு கையை விடும் இடம் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல். மொட்டை மாடிக் கணக்கு மாதிரிதான். வினாடிக்கு 14 மீட்டர் வேகத்துக்குச் சிறந்த கோணம் 42 பாகைக்கு இறங்கிவிடும். இன்னொரு காரணம் உடம்பு. மேல்நோக்கித் தள்ளுவதைவிட முன்னோக்கித் தள்ளும்போது மனிதனால் அதிக வேகம் கொடுக்க முடிகிறது. இரண்டும் சேர்ந்து, களத்தில் நாம் பார்க்கும் கோணம் 40-க்கும் கீழே வந்துவிடுகிறது.

ஈட்டியில் காற்று எதிரியாக மட்டும் இல்லை, தாங்கிப் பிடிக்கவும் செய்கிறது. 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இப்படியே போனால் மைதானம் போதாது என்ற கவலையும், ஈட்டி முனை குத்தாமல் படுத்து விழும் சிக்கலும் சேர்ந்து, 1986-ல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 செ.மீ. முன்னே தள்ளிவிட்டார்கள். முனை சீக்கிரம் கீழே சாயும், தூரம் குறையும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்ற 87.58 மீட்டர் இந்தப் புது ஈட்டியில் எறிந்தது. நம் எளிய வீச்சுச் சூத்திரத்தில் அதைப் போட்டு, 45° என்று வைத்துப் பாருங்கள்: வினாடிக்கு 29.3 மீட்டர், மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர்!

காற்றே இல்லாத மைதானம் வேண்டுமென்றால் நிலவுக்குத்தான் போக வேண்டும். 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்டு அங்கே இரண்டு கோல்ஃப் பந்துகளை அடித்தார். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62. நம் 20 மீட்டர்/வினாடி, 45° எறிதல் பூமியில் 9.8 போட்டால் 40.8 மீட்டர், நிலவில் 247 மீட்டர்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒன்று. 80 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிடையாகப் பறக்கும் விமானத்திலிருந்து நிவாரணப் பொட்டலம் போடுகிறார்கள். இலக்குக்கு எவ்வளவு முன்னதாகப் போட வேண்டும்? (முடுக்கம் 10. விடை: 4 வினாடி, 200 மீட்டர்.)

இரண்டு. ஒரு பந்தின் பெரும உயரமும் வீச்சும் சமம். எறிகோணம் என்ன? (விடை: கோணத்தின் டேன் மதிப்பு 4, கோணம் சுமார் 76°.)

மூன்றாவதைத் தாளில் போட்டுவிட்டு மேசையில் சோதிக்க வேண்டும். முன்னே சொன்ன கோலிக்குண்டு, 75 செ.மீ. மேசை, வினாடிக்கு 2.1 மீட்டர். குண்டு நேராக ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் விழ வேண்டும்; டம்ளரை எங்கே வைப்பீர்கள்? 82 செ.மீ. தூரத்தில் வைத்தால் குண்டு டம்ளரின் பக்கவாட்டில் மோதித் தெறிக்கும். டம்ளரின் உயரம் 10 செ.மீ. என்றால் குண்டு அதன் வாயை அடைய 65 செ.மீ.தான் விழ வேண்டும். நேரம் 0.36 வினாடி, தூரம் சுமார் 76 செ.மீ. அங்கே டம்ளரை வைத்துவிட்டு, சரிவில் அதே உயரத்திலிருந்து குண்டை விடுங்கள்.